எலும்பில் வைத்த உலோகமும் புற்றுநோய்க் கதிர்ச் சிகிச்சையும்

1895-ஆம் ஆண்டு டிசம்பர் 22 அன்று, ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் பேராசிரியர் வில்ஹெல்ம் ரான்ட்ஜன் தம் துணைவியாரின் கையை ஓர் ஒளிப்படத் தகட்டின்மீது வைக்கச் செய்து, தாம் புதிதாகக் கண்டறிந்த கதிர்களை அதன் வழியே செலுத்தினார். அப்படம் இன்றும் பாடநூல்களில் அச்சாகி வருகிறது. தசை மங்கலாகவும் விரலெலும்புகள் தெளிவாகவும் தோன்றும் அப்படத்தில், எல்லாவற்றையும்விட அழுத்தமாகத் தெரிவது விரலில் கிடக்கும் மோதிரமே. கதிர்கள் தசையை எளிதிற் கடந்தன, எலும்பில் தயங்கின, உலோகத்திடம் தோற்றன. அவற்றின் இயல்பு இன்னதென விளங்காமையால் ரான்ட்ஜன் அவற்றுக்கு ‘எக்ஸ்’ என்று பெயரிட்டார். அரபியில் அவை ‘அல்அஷிஅ்அத்துஸ் ஸீனிய்யா’, அதாவது ‘ஸீன்’ எழுத்தின் கதிர்கள், என்று வழங்குகின்றன. அரபிக் கணித நூல்களில் அறியப்படாத அளவைக் குறிக்க ‘ஸீன்’ என்ற எழுத்தே நிற்பதை அறிந்தோருக்கு இப்பெயரின் பொருத்தம் விளங்கும்.

அம்மோதிரத்தின் நிழலைப் பற்றி நாம் சிந்திக்க நேர்ந்தது சென்ற ஆண்டில்தான். நமக்குப் பாடம் சொல்லித் தந்த மூத்த உஸ்தாது ஒருவருக்கு எழுபது வயதைக் கடந்த நிலையில் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் கண்டது. கதிர்ச் சிகிச்சை என்று முடிவாயிற்று. அவருடைய மகனோடு நாமும் மருத்துவமனைக்கு உடன் சென்றிருந்தோம். சிகிச்சைத் திட்டத்தை வகுக்கும் மருத்துவ இயற்பியலாளர் ஓர் இளம் பெண்மணி. ஸ்கேன் படத்தைப் பார்த்ததும் அவர் கேட்ட முதற்கேள்வி நோயைப் பற்றியதாக இல்லை. “ஹஜ்ரத்துக்கு வலது இடுப்பில் வைத்திருப்பது ஸ்டீலா, டைட்டேனியமா?”

பதினான்கு ஆண்டுகளுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்தபோது, அதன் தலைப்பகுதியை நீக்கிவிட்டு உலோகப் பந்து ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். அது எந்த உலோகம் என்பது உஸ்தாதுக்கும் தெரியவில்லை, மகனுக்கும் தெரியவில்லை. அன்றைய டிஸ்சார்ஜ் அட்டையில் “இம்பிளாண்ட் பொருத்தப்பட்டது” என்று மட்டுமே இருந்தது. “இரண்டும் இரும்பு மாதிரிதானே அம்மா, என்ன வித்தியாசம் வந்துவிடப் போகிறது?” என்று மகன் கேட்டார். “எனக்கு ரொம்ப வித்தியாசம் ஐயா” என்றார் அப்பெண்மணி. அவர் அன்று சொன்னவற்றையும், பின்னர் நாம் படித்துத் தெரிந்துகொண்டவற்றையும் சேர்த்தே இங்கு எழுதுகிறோம்.

புற்றுநோய்க்கான கதிர்களைப் பெரும்பாலும் நேரியல் முடுக்கி என்னும் கருவி உண்டாக்குகிறது. எலும்பு முறிவுக்கு எடுக்கும் எக்ஸ்ரேயைக் காட்டிலும் இக்கதிர்கள் பன்மடங்கு ஆற்றல் மிக்கவை. 6 மெகாவோல்ட் என்பது பரவலாகப் பயன்படும் அளவு. ஒரு கதிர் உடலுக்குள் எவ்வளவு தளர்ந்துபோகும் என்பதைத் தண்ணீரை அடிப்படையாக வைத்தே கணக்கிடுவார்கள். மனித உடல் பெரும்பாலும் தண்ணீரை ஒத்தது என்பதே காரணம். இவ்வாற்றலில் கதிர் தளர்வது, அது செல்லும் வழியிலுள்ள எலக்ட்ரான்களின் நெருக்கத்தைப் பொறுத்தது. அந்தக் கணக்கில் ஒரு சென்டிமீட்டர் டைட்டேனியம் ஏறத்தாழ மூன்றே முக்கால் சென்டிமீட்டர் தண்ணீருக்குச் சமம். துருப்பிடிக்காத எஃகோ ஆறே முக்கால் சென்டிமீட்டருக்குச் சமம். உஸ்தாதின் இடுப்பிலிருந்த பந்து உள்ளீடற்றதன்று. நான்கரை சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கெட்டி உலோகம். அது எஃகாயின், அதன் நடுவே செல்லும் கதிருக்கு முப்பது சென்டிமீட்டர் தண்ணீரைக் கடப்பதற்கு ஒப்பான தடை. மெலிந்த உடல்வாகுள்ள ஒருவரின் இடுப்பை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை குறுக்கே கடப்பதும் ஏறத்தாழ இவ்வளவுதான். அதாவது, கதிரின் பாதையில் இன்னொரு மனிதரைக் குறுக்கே நிறுத்தியது போன்றது. இதைக் கணக்கில் கொள்ளாமல் பக்கவாட்டிலிருந்து கதிரைச் செலுத்தினால், அக்கதிர் புராஸ்டேட்டைச் சேரும்போது எண்ணிய அளவில் பாதிகூட மிஞ்சாமற் போகலாம். நோயாளி எதையும் உணரமாட்டார். கருவியும் எச்சரிக்காது. சிகிச்சை முடிந்துவிட்டதாக ஏட்டில் பதிவாகும். கட்டியின் ஒரு பகுதி மட்டும் அரைகுறையாகக் கதிர் பட்டு உயிரோடிருக்கும்.

இது சிறுபான்மையோரின் சிக்கல் என்று தள்ளிவிடுவதற்கில்லை. அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கத்தின் 63-ஆம் பணிக்குழு, இடுப்பு மூட்டு உலோகங்களைக் குறித்து 2003-ஆம் ஆண்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. கதிர்ச் சிகிச்சைக்கு வருவோரில் நூற்றுக்கு 1 முதல் 4 பேருக்கு, சிகிச்சையைப் பாதிக்கத்தக்க உலோகப் பொருத்தம் உடலில் இருக்கும் என்று அது மதிப்பிட்டது. மூட்டு மாற்று அறுவை அதன்பின் எங்கும் பெருகியிருப்பதை நாம் கண்கூடாகக் காண்கிறோம்.

எனினும், உலோகம் கதிரைத் தடுப்பது இச்சிக்கலின் எளிய பாதிதான். எவ்வளவு தடுக்கிறது என்று தெரிந்துவிட்டால் அதற்கேற்பக் கணக்கைத் திருத்திக்கொள்ளலாம். உலோகம் தன்னைப் பற்றியும் தன்னைச் சூழ்ந்தவற்றைப் பற்றியும் பொய்யான செய்தி தருகிறது என்பதே கடினமான மறுபாதி.

கதிர்ச் சிகிச்சைத் திட்டம் முழுவதும் சி.டி. ஸ்கேன் படத்தின்மீதுதான் எழுப்பப்படுகிறது. 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் நகரின் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் தலையை இம்முறையில் படமெடுத்தவர்கள், காட்ஃபிரி ஹவுன்ஸ்ஃபீல்டு என்னும் பொறியியலாளர் ஆக்கிய கருவியையே பயன்படுத்தினர். அதற்காக 1979-இல் அவர் ஆலன் கார்மக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். உடலைச் சுற்றிப் பல நூறு கோணங்களிலிருந்து எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு கதிர் மறுபுறம் வந்து சேர்ந்தது என்று அளந்து, அவ்வளவுகளிலிருந்து உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் கணினி ஊகித்துப் படமாக வரைகிறது. ஒரு நிகழ்ச்சியை நேரிற் காணாத நீதிபதி, பல நூறு சாட்சிகளை விசாரித்து நடந்ததைத் தீர்மானிப்பதற்கு இதை ஒப்பிடலாம். ஸ்கேன் கருவியின் கதிர்கள் ஆற்றல் குறைந்தவை. உலோகம் அவற்றை ஏறத்தாழ முழுவதுமாக விழுங்கிவிடுகிறது. ஆகவே உலோகத்தின் வழியே வரவேண்டிய சாட்சிகள் அனைவரும் மௌனமாகிவிடுகின்றனர். அல்லது தட்டுத்தடுமாறி எதையோ சொல்கின்றனர். நீதிபதியோ தீர்ப்புச் சொல்லியே ஆகவேண்டும். விளைவு, படத்தில் உலோகத்தைச் சுற்றி நட்சத்திரம்போல் வெண்கீற்றுகளும் கருங்கீற்றுகளும் சிதறுகின்றன. கருங்கீற்று விழுந்த இடத்தில் நல்ல தசை இருந்தாலும் கணினி அதைக் காற்று என்றோ கொழுப்பு என்றோ எண்ணிக்கொள்கிறது. வெண்கீற்று விழுந்த தசை எலும்பாகத் தோன்றுகிறது. இந்தப் பொய்களை நம்பியே கதிரின் அளவும் கணக்கிடப்படுகிறது.

இன்னொரு தந்திரமும் இதில் உண்டு. ஸ்கேன் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் தரப்படுகிறது. தண்ணீருக்குச் சுழியம், காற்றுக்குக் கழித்தல் 1000, கெட்டியான எலும்புக்கு ஆயிரத்தை ஒட்டியோ அதற்கு மேலோ. வழக்கமான அளவுகோல் 3071 என்ற எண்ணோடு முடிந்துவிடுகிறது. டைட்டேனியத்தின் உண்மையான எண் அதைத் தாண்டியது. எஃகின் எண் இன்னும் தாண்டியது. இரண்டும் 3071 என்றே பதிவாகின்றன. ஆறடி வரைதான் கோடுள்ள அளவுகோலில் தென்னையையும் பனையையும் அளந்து, இரண்டும் ஆறடி என்று எழுதிக்கொண்டது போன்ற நிலை. அந்த இளம்பெண்மணி “ஸ்டீலா, டைட்டேனியமா?” என்று கேட்டதன் பொருள் இப்போது விளங்குகிறது. படம் அதைச் சொல்லாது, மனிதர்தாம் சொல்லவேண்டும். அளவுகோலை நீட்டும் வசதி பல புதிய கருவிகளில் உண்டு. உலோகக் கீற்றுகளைக் குறைக்கும் மென்பொருள்களும் உள்ளன. கீற்று நீங்கும்போது சில வேளை உலோகத்தின் உருவமே சற்று மாறிவிடுவதால் அவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதில்லை. இயற்பியலாளர் உலோகத்தின் எல்லையைத் தம் கையாலேயே வரைந்து, “இது இன்ன உலோகம், இதன் அடர்த்தி இன்னது” என்று கணினிக்குச் சொல்கிறார். கீற்றுகள் விழுந்த தசைப்பகுதிகளையும் வரைந்து, “இது தண்ணீருக்கு ஒப்பானது” என்று திருத்துகிறார். மணிக்கணக்கில் நீளும் பொறுமையான வேலை இது. நோயாளி இவரைப் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை.

இவ்வளவும் வழக்கமான எக்ஸ் கதிர்ச் சிகிச்சையைப் பற்றியது. புரோட்டான் சிகிச்சையில் நிலைமை இன்னும் நுட்பமாகிறது. புரோட்டான் உடலுக்குள் குறிப்பிட்ட ஆழம் வரை சென்று, அங்கே தன் ஆற்றலின் பெரும்பகுதியை இறக்கிவிட்டு நின்றுவிடும். அதன் சிறப்பே இந்த நிறுத்தம்தான். வழியில் உலோகம் இருந்து, அதன் அடர்த்தியைத் தவறாகக் கணித்துவிட்டால், நிற்கும் இடமே மாறிவிடுகிறது. எக்ஸ் கதிரில் அளவு சற்றுக் கூடும் அல்லது குறையும். புரோட்டானிலோ கட்டியின் ஓரம் அறவே கதிர் படாமற் போகலாம், அல்லது அதற்கப்பாலுள்ள தண்டுவடத்தில் கதிர் இறங்கலாம்.

இதற்குச் சுவிட்சர்லாந்திலிருந்து ஒரு சான்று உண்டு. ஃபில்லிகன் என்னும் சிற்றூரிலுள்ள பால் ஷெரர் ஆய்வு நிறுவனம், புரோட்டான் கற்றையை ஊசிமுனைபோல் குவித்துப் புள்ளி புள்ளியாகக் கட்டியை நிரப்பும் முறையை 1996 முதல் நோயாளிகளுக்குப் பயன்படுத்தி வந்தது. முதுகெலும்புத் தொடரில் தோன்றும் கார்டோமா என்னும் அரிய கட்டி, மிக அதிகக் கதிர் அளவு கொடுத்தால்தான் அடங்கும். தண்டுவடமோ அதை ஒட்டியே ஓடுகிறது. ஆதலின் புரோட்டானுக்கு இது மிகப் பொருத்தமான நோய் என்று கருதப்பட்டது. மண்டையோட்டுக்கு வெளியே இக்கட்டி கண்ட 40 பேரின் முடிவுகளை அந்நிறுவனத்தார் 2011-இல் வெளியிட்டனர். அவர்களில் 19 பேருக்கு முதுகெலும்பில் உலோகம் இல்லை. 21 பேருக்குக் கட்டியை அகற்றிய அறுவையின்போது முதுகெலும்பு நிலைகுலையாதிருக்க உலோகத் தண்டுகளும் திருகுகளும் பொருத்தப்பட்டிருந்தன. ஐந்தாண்டுகளின் முடிவில், உலோகம் இல்லாதோரில் கட்டி அதே இடத்தில் அடங்கியிருந்த விகிதம் நூற்றுக்கு 100. உலோகம் பொருத்தியோரில் நூற்றுக்கு 30.

இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் படித்தபோது நாம் சற்றுநேரம் ஏட்டை மூடிவைத்துவிட்டோம். ஆனால் அவசரப்பட்டு முழுப் பழியையும் உலோகத்தின்மீது போடுவதும் முறையாகாது. உலோகத் தாங்கல் தேவைப்பட்டது யாருக்கு? எலும்பைப் பெரிதும் அரித்துவிட்ட கட்டி உடையோருக்கும், விரிவான அறுவைக்கு உள்ளானோருக்கும்தானே. அவர்கள் நோய் முதலிலேயே கடுமையானதாக இருந்திருக்கலாம். உலோகம் காரணமா, அது காரணத்தின் அடையாளம் மட்டும்தானா என்பதை நாற்பது பேரைக் கொண்டு பிரித்தறிய இயலாது. ஆயினும் இம்முடிவுகளுக்குப் பின், முதுகெலும்புக் கட்டிக்கு அறுவை செய்வோர் கத்தியை எடுக்குமுன்னரே கதிர் மருத்துவரோடு கலந்து பேசவேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது.

அக்கலந்துரையாடலின் ஒரு பயனாகவே கரி இழைகளால் வலுவூட்டிய ‘பீக்’ என்னும் பிளாஸ்டிக்கில் செய்த தண்டுகளும் திருகுகளும் இன்று வந்துள்ளன. கதிர் அவற்றைத் தசையைப் போலவே கடக்கிறது. ஸ்கேனிலும் கீற்று விழுவதில்லை. விலை அதிகம் என்பது ஒரு குறை. உலோகத் தண்டை அறுவை மேசையிலேயே முதுகின் வளைவுக்கேற்ப வளைத்துக்கொள்ளலாம்; இத்தண்டுகளை அவ்வாறு வளைக்க முடியாது என்பது மற்றொன்று.

வாயிலுள்ள உலோகத்துக்கு வருவோம். அளவிற் சிறியதாயினும் நம்மில் மிகப் பலரிடம் இருப்பது இதுவே. குர்துபாவில் வாழ்ந்து 1013-ஆம் ஆண்டளவில் மறைந்த அறுவை மருத்துவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, தம் ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் அறுவைப் பகுதியில், ஆடும் பற்களைப் பொற்கம்பியால் பிணைக்கும் முறையை விளக்கியுள்ளார். வெள்ளி நாளடைவில் நிறம் மாறிக் கெடும், பொன் கெடாது என்பதனால் பொன்னையே அவர் விரும்பினார். உடலுக்குள் வைக்கும் உலோகம் உடலோடு பகைக்கலாகாது என்னும் அவரது கவலையே இன்று டைட்டேனியத்தைத் தேர்வதற்கும் காரணம். ஆனால் பொன்னுக்குக் கதிர்ச் சிகிச்சையில் வேறொரு முகம் உண்டு. தனிமங்களின் வரிசையில் அதன் எண் 79. பழைய பல் அடைப்புக் கலவையில் பாதியளவு இருக்கும் பாதரசத்தின் எண் 80. டைட்டேனியத்துக்கு 22 மட்டுமே. எண் உயர உயர, கதிர் பட்டவுடன் உலோகத்தின் பரப்பிலிருந்து எலக்ட்ரான்கள் பின்னோக்கித் தெறிப்பது மிகுகிறது. தலை, கழுத்துப் புற்றுநோய்களுக்கு 35 நாள்களில் 70 கிரே அளவு கதிர் தருவது வழக்கம். அவ்வளவையும் தாங்கும் நாக்கின் ஓரமோ கன்னத்தின் உட்புறமோ பொன் பல்லை ஒட்டியிருந்தால், அந்த இடத்துக்கு மட்டும் இத்தெறிப்பினால் மிகையான கதிர் சேர்ந்து புண்ணாகிவிடும். அப்புண்ணோடு கஞ்சி குடிப்பதும் வேதனை. சிலர் அதனாலேயே சிகிச்சையை நடுவில் நிறுத்திவிடுவதும் உண்டு. பரிகாரமோ வியப்பூட்டும் அளவுக்கு எளிது. தெறிக்கும் எலக்ட்ரான்கள் சில மில்லிமீட்டருக்கு அப்பாற் செல்வதில்லை. மெழுகாலோ அக்ரிலிக்காலோ நாலைந்து மில்லிமீட்டர் கனமுள்ள ஓர் உறையைப் பல்லுக்கும் கன்னத்துக்கும் இடையே வைத்தாற் போதும்.

உஸ்தாதைக் காண வந்தோர் பலரும் ஓர் அச்சத்தை வெளியிட்டார்கள். கதிர் பட்டு உள்ளிருக்கும் உலோகம் பழுக்கக் காய்ந்துவிடுமாமே என்றார்கள். கணக்கைப் பார்த்தால் இந்த அச்சம் கரைந்துவிடும். ஒருநாள் தவணையாகத் தரும் 2 கிரே என்பது, ஒரு கிலோகிராம் எடையில் 2 ஜூல் ஆற்றல். அது எஃகின் வெப்பத்தை ஒரு பாகையில் ஆயிரத்தில் நான்கு பங்கு மட்டுமே உயர்த்தும். ஒரு மிடறு தேநீர் இதைவிடப் பன்மடங்கு சூட்டை உடலுக்குள் கொண்டுசெல்கிறது. உலோகமே கதிர்வீசத் தொடங்கி வீட்டாரைப் பாதிக்கும் என்பதும் அப்படித்தான். 6 மெகாவோல்ட் கதிர்களில் அதற்கு இடமில்லை. பேரப்பிள்ளைகள் மடியில் ஏறி அமரலாம். சிகிச்சைக்காக உலோகத்தை மறுபடியும் அறுத்து வெளியே எடுக்கவேண்டுமோ என்ற கலக்கமும் பெரும்பாலோருக்குத் தேவையற்றது. இதயத்துடிப்புக் கருவியான பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மட்டும் தனி வகை; அங்கே கேள்வி உலோகத்தைப் பற்றியதன்று, மின்னணுச் சுற்றைப் பற்றியது. அவர்கள் இதய மருத்துவரிடமும் முன்னரே தெரிவித்தாக வேண்டும்.

உஸ்தாதின் இல்லத்துக்குத் திரும்பிய அன்றிரவு, மகன் பரண்மேலிருந்த தகரப் பெட்டியை இறக்கினார். நிலப் பத்திரங்கள், நிக்காஹ் பதிவு, பழைய மின்கட்டண ரசீதுகள் இவற்றுக்கு நடுவே அறுவைக்காலத்து மருந்துக் கடை பில்கள் ஒரு கற்றையாக இருந்தன. அவற்றுள் ஒன்றின் பின்புறம் விரற்கடை அகலத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. உற்பத்திக் குழு எண், பந்தின் குறுக்களவு 45 மில்லிமீட்டர், அதனடியில் “எஸ்.எஸ். 316 எல்.” என்றிருந்தது. உடலுக்குள் வைக்கத்தக்க துருப்பிடிக்காத எஃகின் வகைப்பெயர் அது.

மறுநாள் அச்சீட்டைக் கண்டதும் இயற்பியலாளரின் முகம் மலர்ந்ததை நாம் பார்த்தோம். அதற்குரிய அடர்த்தியைக் கணினியில் ஏற்றினார். 2003-ஆம் ஆண்டு அறிக்கை முதல் வழியாகச் சொன்னதும் அவர் கைக்கொண்டதும் ஒன்றே: உலோகத்தைத் துளைக்க முயலாமல் அதைச் சுற்றிச் செல்வது. கருவி உடலைச் சுற்றி வரும்போது, வலது இடுப்பின் வழியாகக் கதிர் நுழையவேண்டிய கோணம் வந்தால் கதிர் நின்றுவிடும். அக்கோணத்தைக் கடந்ததும் மீண்டும் தொடங்கும். எதிர்ப்புறமிருந்து வரும் கதிர் புராஸ்டேட்டைக் கடந்தபின் உலோகத்தில் மோதினால் தவறில்லை. அதன் வேலை அதற்குள் முடிந்துவிடுகிறது. இருபது நாள் தவணையில் 60 கிரே கொடுத்து முடித்தார்கள். அச்சீட்டு இப்போது பிளாஸ்டிக் உறையிடப்பட்டு, உஸ்தாதின் சட்டைப் பையில் ஆதார் அட்டையோடு இருக்கிறது.